கதவைத் தட்டினால் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த குழந்தை வளர்ப்புக் கட்டுரையில், வீட்டில் வைத்துப் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, பிள்ளைகளைப் பகிர்ந்து விளையாட வைக்கத் தெரியவில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி. 16 வருடமாக என் வீட்டுக் கூடத்தில் அந்த வேலையைத்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். திருத்தியதற்கு நன்றி.

இரண்டு வயதுப் பிள்ளை பெரும்பாலும் பகிராது. இன்னொரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு விளையாடும். பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே எழுதி வைத்தது இது, உங்களுக்குத் தெரியாததா? அந்த வயதுக்கு ஒரே மாதிரி இரண்டு பொம்மை வாங்கி வைப்பதுதான் புத்தி.

என்னிடம் இருந்த ஒரு பையன் எல்லோரையும் கடிப்பான். மன்னிப்புக் கேட்க வையுங்கள் என்றார்கள், எங்களைப் போன்ற காப்பாளர்களுக்கு வைக்கும் பயிற்சியில். 'சாரி' சொன்னான், உடனே மறுபடி கடித்தான். வார்த்தை வராததால்தானே கடிக்கிறான்? கையை நீட்டி 'எனக்கு' என்று கேட்கப் பழக்கினேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் கடிபட்ட பிள்ளைகளின் அம்மாக்களுக்குப் பதில் சொன்னவளும் நான்தான்.

பயிற்சியே வேண்டாம் என்பவளில்லை நான். ஆனால் வைப்பதோ வார நாளில், காலை 10 மணிக்கு. என்னிடம் இருக்கும் ஐந்து பேரை யார் பார்ப்பது? பெற்றோரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் விடுப்பு வாங்கிப் போனால், திரையில் ஒரே வயதுப் பிள்ளைகள் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும் வகுப்பறை. என் வீட்டில் ஒன்று தவழ்கிறது, ஒன்று பள்ளி விட்டு வருகிறது. பெரியவள் கட்டிய கோபுரத்தைத் தவழ்வது வந்து தட்டிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார் பயிற்சியாளர். இடைவேளை வந்துவிட்டது. (கோபுரத்தை மேசைமேல் ஏற்றிவிட்டேன்.)

இதையெல்லாம் போன வருடமே எழுதினேன். இரண்டு வரியாக வெட்டி, கீழே 'இல்லத்தரசி' என்று போட்டீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்தால் அது வேலையில்லை போலும்!

கட்டுரையாளரையோ, பயிற்சி தருகிறவர் யாரையாவதோ ஒரு காலைப்பொழுது இங்கே வந்து உட்காரச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். பேச வேண்டுமானால் மதியம் 1:30-க்கு மேல், பிள்ளைகள் தூங்கும் நேரம். அழைப்பு மணியை மட்டும் அடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குழந்தைக் காப்பாளர் ஒருவர்
(இந்த முறையாவது இப்படியே போடவும்)