பிள்ளைகளுக்கு இப்படியும் நாவல்கள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்கள் தமிழில் போதவில்லை. அதிலும் அப்பா அம்மா பிரிவதையோ, வீட்டில் நேர்ந்த சாவையோ, ஊர் மாறிப் போவதையோ பேசுபவை மிகக் குறைவு. புத்தகக் கடையில் கேட்டால் நீதிக்கதைகளையும் மந்திரக் கதைகளையும்தான் எடுத்துத் தருகிறார்கள்.

1911-இல் வந்த ‘தி சீக்ரெட் கார்டன்’ நாவலில், இந்தியாவில் காலராவுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த மேரி இங்கிலாந்துக்கு அனுப்பப்படுகிறாள். சிடுசிடுப்பான பிள்ளை. அவளை மாற்றியது புத்திமதி இல்லை; பூட்டிக் கிடந்த தோட்டத்துக்குள் நுழைந்து, களை பிடுங்கி, விதை போட்டுத்தான் மெல்ல மாறுகிறாள். துக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கைக்கு ஒரு வேலை கொடுத்தாரே, அங்கேதான் எழுதியவரின் அக்கறை தெரிகிறது.

ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலையில் இதற்கு என்ன குறை? கோடை மழை விழுந்ததும் காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்துச் சில நாளில் உதிர்வதும், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறுவதும், மே மாதச் சேர்வராயன் கோயில் திருவிழாவும் ஒரு நாவலுக்குள் வரலாம். பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் போக, பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள்.

பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் சிறு நூல்களைக் கொண்டு வந்தது நல்ல தொடக்கம். சரி, அதை முடித்த பிள்ளை அப்புறம் எதைப் படிக்கும்? உங்கள் சிறுவர் இணைப்பில் இப்படியொரு நாவலைத் தொடராக வெளியிடுங்கள். மலைக்கிராம ஆசிரியர்களையும் எழுதச் சொல்லுங்கள். முடிவில் குடும்பம் ஒன்றுசேர்ந்தே ஆக வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்