ஒரு கிலோ பொட்டணத்தை ஏன் நிறுத்துகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கமுங்க.

வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து நம் கடையில் அரைத்த காப்பித்தூளை ஒரு கிலோ பொட்டணமாகக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒருவருக்கு ஒரு தடவைக்குக் கால் கிலோதான். "காசை நீட்டுறவங்களை வேண்டாங்கற கடையை இப்பத்தானுங்க பார்க்கிறேன்" என்று போன வாரம் ஒரு அண்ணன் கல்லா முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கிருந்த கூட்டத்தில் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

விஷயம் விலையில் ஆரம்பித்தது. பிரேசிலில் வறட்சி, வியட்நாமிலும் மழை பொய்த்தது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ரகக் காப்பிக் கொட்டை ஒரு பவுண்டு (ஏறக்குறைய 450 கிராம்) 4 டாலரைத் தாண்டியது. அங்கே ஏறினால் வால்பாறைத் தோட்டத்துக்காரரும் அதே கணக்கைத்தான் சொல்வார். நமக்குப் பக்கத்து மலைதானே என்று விலை குறையாது. இன்னும் ஏறிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று தூளாகவே வாங்கி அடுக்கியவர்கள் நிறையப் பேர். அடுத்த ஒன்றரை மாதத்தில் வந்த புகார்களும் நிறைய. "முன்ன மாதிரி இல்லீங்க", "கலப்படம் பண்றீங்களா", "சிக்கரியைக் கூட்டிட்டீங்களா". கொட்டையும் மாறவில்லை, வறுவலும் மாறவில்லை. தூள் அவரவர் சமையலறை அலமாரியில் கெட்டிருக்கிறது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு டீச்சரம்மா. சில வருஷத்துக்கு முன்பு, கடை பார்வையாக இருக்கட்டும் என்று மூன்று பெரிய கண்ணாடி ஜாடிகளில் தூளை நிரப்பி மேற்குப் பார்த்த ஜன்னலோரம் வைத்திருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக அதன்மேல் விழும். அந்த ஜாடித் தூளை வாங்கிப்போன டீச்சரம்மா மறுநாளே பொட்டணத்தோடு வந்து, "தம்பி, மோந்து பாருங்க" என்றார். முகர்ந்தேன். நாள்பட்ட தேங்காய்ப் பருப்பின் காறல் வாசம். பொள்ளாச்சிக்காரனுக்கு அந்த வாசத்தை விளக்க வேண்டியதில்லை. காப்பிக் கொட்டையிலும் எண்ணெய் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் தேங்காய்ப் பருப்பு காறிப்போவது போலத்தான் அதுவும் காறிப்போகும். குற்றம் முழுக்க என்னுடையது. ஜாடிகளை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

கொட்டைக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொன்னால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வறுக்காத பச்சைக் கொட்டையில் ஈரம் 10 முதல் 12 சதவீதம். வறுத்து இறக்கும்போது அநேகமாக எல்லாமே போய்விடுகிறது. ஒரு கிலோ பச்சைக் கொட்டை போட்டால் ஏறக்குறைய 820, 850 கிராம்தான் கைக்கு வரும். (விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள்.) வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயு உண்டாகி நிறைந்து நிற்கும். அது சில நாட்களுக்கு மெதுவாகக் கசிந்து வெளியேறும். அது உள்ளே இருக்கிற வரைக்கும் வெளிக்காற்று புகுவது மட்டுப்படும். கொட்டையை அரைத்தீர்களானால் ஆயிரம் துண்டாகிறது, ஒவ்வொரு துண்டின் எல்லாப் பக்கமும் காற்றுக்குத் திறக்கிறது. வாயுவும் ஓடிவிடும், வாசமும் கூடவே ஓடிவிடும். அரைக்கும்போது தெருமுனை வரை மணக்கிறதே, அது உங்கள் டம்ளருக்குப் போகவேண்டிய மணம்தானுங்க.

நன்றாக மூடி வைத்தால் முழுக் கொட்டை மூன்று நான்கு வாரம் தாங்கும். தூள் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். இது என் நாக்கின் கணக்கு. உங்கள் நாக்கு இன்னும் கண்டிப்பானதாகவும் இருக்கலாம்.

நாலு பேர் இருக்கிற வீட்டில் காலை, மாலை இரண்டு வேளைக்கும் சேர்த்து 35 கிராம் தூள் போட்டால் கால் கிலோ சரியாக ஒரு வாரம் வரும். கால் கிலோ என்று நாங்கள் வைத்தது இதனால்தான். கல்யாணம், சீர், நோம்பி என்று ஐந்து கிலோ கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது இரண்டு நாளில் தீர்ந்துவிடும், கெட நேரமே இருக்காது.

சரி, விலை ஏறும் என்ற பயத்துக்கு என்ன வழி? பச்சைக் கொட்டையாக வாங்கி வையுங்கள். ஈரம் ஏறாமல், வெயில் படாமல் இருந்தால் அது மாதக்கணக்கில் நிற்கும். உங்கள் வீட்டில் வைக்க வேண்டியதில்லை. இரண்டு கிலோவோ மூன்று கிலோவோ இன்றைய விலைக்குப் பணம் கட்டிவிடுங்கள். எங்கள் கிடங்கில் மரப்பலகை மேல் சணல் சாக்கில் உங்கள் கணக்கில் இருக்கும். வாரா வாரம் உங்கள் பங்கை வறுத்து, அரைத்துத் தருகிறோம். வறுத்தால் எடை குறையும் என்று மேலே சொன்ன கணக்கு இதற்கும் பொருந்தும். சீட்டில் பச்சை எடை, வறுத்த எடை இரண்டையும் எழுதித் தருவோம். பின்னால் மனஸ்தாபம் வேண்டாம்.

எந்தக் கொட்டை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: பழத்தைத் தோலுரித்து, கழுவிக் காயவைத்த அராபிகாவுக்கு வியாபாரத்தில் பிளான்டேஷன் என்று பெயர். அதில் ஏ, பி, சி என்பது சல்லடைக் கணக்குத்தான். ஏ என்பது 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற பெரிய கொட்டை, பி அதற்கு அடுத்த அளவு. ஏ வாங்கினால்தான் ருசி என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே தோட்டத்துக் கொட்டையென்றால் பி வாங்கிவிட்டு மிச்சத்தில் நல்ல பால் வாங்குங்கள். பீபெர்ரி என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைவது. உருண்டையாக இருப்பதால் ஒரே சீராக வறுபடும், எனக்கு அது பிடிக்கும். இன்னொரு காப்பி ரகமான ரோபஸ்டா அராபிகாவைவிடக் கசப்பு, காஃபீனும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பால் தாராளமாக ஊற்றுகிற வீட்டுக்கு நூற்றுக்கு இருபதோ முப்பதோ ரோபஸ்டா சேர்த்தால் டிக்காஷன் பாலுக்குள் காணாமல் போகாது. ராத்தூக்கம் வராதவர்கள் அதை விட்டுவிடலாம்.

எதை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: எந்தப் பருவத்துக் கொட்டை, என்றைக்கு வறுத்தது. அராபிகா நவம்பர் முதல் ஜனவரி வரை பறிப்பு, ரோபஸ்டா அதற்குப் பின்னால். காய்ந்து, உமி நீக்கி நம் கைக்கு வர மேலும் சில வாரம் ஆகும். பொட்டணத்தின் மேல் வறுத்த தேதியை இனி முத்திரை குத்தித் தருவோம். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

சிக்கரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஒரு செடியின் வேர். நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. கலந்து விற்பது குற்றமில்லை. கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு என்று பொட்டணத்தில் போட வேண்டும் என்பது சட்டம். சொல்லாமல் கலப்பதுதான் தப்பு. சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். காப்பி மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். எங்கள் தூளிலும் செய்து பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். காப்பி 80, சிக்கரி 20 என்று கலவையைக் கேட்டு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிக்கரி காற்றின் ஈரத்தைச் சட்டென்று இழுக்கும். அந்தத் தூள் கட்டி பிடிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

ஈரம் என்றதும் நம் ஊர் காற்றைச் சொல்லாமல் முடியாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் அப்பளம் தட்டிலேயே நமத்துப்போகிறது. காப்பித்தூள் மட்டும் எப்படித் தப்பும்? அந்த இரண்டு மாதமும் கால் கிலோவையும் பாதியாக வாங்குங்கள் என்பேன்.

வைக்கிற இடம் அடுப்படி மேடையாக வேண்டாம், வெயில் விழும் ஜன்னலும் வேண்டாம். இறுக்கி மூடும் சின்ன எவர்சில்வர் டப்பா போதும். கால் கிலோவை இரண்டு கிலோ டப்பாவில் போட்டால் மிச்ச இடமெல்லாம் காற்று. பொட்டணத்தோடு வைப்பதானால் காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு டப்பாவுக்குள் வையுங்கள். பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஈரக் கரண்டி கூடவே கூடாது. அப்புறம், பழைய தூள் அடியில் கிடக்கும்போது அதன்மேலேயே புதிதைக் கொட்டுகிற பழக்கம் முக்கால்வாசி வீட்டில் இருக்கிறது. டப்பாவின் சுவரில் ஒட்டிய பழைய எண்ணெய்க் காறல் புதுத் தூளுக்கும் ஏறிவிடும். டப்பாவைக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு நிரப்புங்கள்.

ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. வேண்டாம். மல்லிகைச் சரம், நேற்றைய குழம்பு, நறுக்கின வெங்காயம் எல்லாவற்றின் வாசத்தையும் தூள் வாங்கிக்கொள்ளும். தினமும் வெளியே எடுத்துத் திறந்தால் குளிர்ந்த தூளின் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். ஊருக்குப் போகிறீர்கள், அரை கிலோ கொட்டை மிச்சம் இருக்கிறது என்றால் ஃப்ரீசரில் வைக்கலாம். அதையும் சின்னச் சின்னப் பொட்டணமாகக் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். எடுத்தபின் வெளிச்சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள். பிரித்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

வீட்டில் இருப்பது பழசா புதுசா என்று தெரியவேண்டுமானால், ஃபில்டரில் தூளைப் போட்டு முதல் கரண்டி கொதிநீரை ஊற்றிப் பாருங்கள். புதுத்தூள் பொங்கி நுரைக்கும். பழையது நனைந்த மண் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

செவ்வாய், வெள்ளி காலையில் வறுக்கிறோம். அன்றே அரைத்து வாங்கினால் நுரை அதிகமாகி டிக்காஷன் ஒழுங்காக இறங்காது, மறுநாள் வருவது நல்லது. உங்கள் டப்பாவைக் கையோடு கொண்டுவந்தால் நேராக அதிலேயே அரைத்துப் போடுகிறோம். கழுவிக் காயவைத்த டப்பாவாக இருக்கட்டுமுங்க.

இப்படிக்கு,
உங்கள் காப்பித்தூள் கடை,
பொள்ளாச்சி