கொழுப்பை உறைய வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 12 வருடமாக லூபஸ்; உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். ஃப்ரிட்ஜிலிருந்து இட்லி மாவுப் பாத்திரத்தை எடுத்தாலே விரல் நுனிகள் வெளுத்து, நீலம் பாரித்து, சூடு ஏறியதும் சிவந்து வலிக்கும். ரேனாட் என்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரையால் வயிறும் போட்டுவிட்டது. மகள் கல்யாணத்துக்குள் குறைக்கலாமென்று திருச்சியில் ஒரு அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன்.

கொழுப்பை உறைய வைத்துக் குறைக்கும் சிகிச்சை அது: சதையைக் கப் மாதிரி ஒரு கருவியால் உறிஞ்சிப் பிடித்து, அரை மணிக்கும் மேலாகக் குளிரூட்டுவார்களாம். படிவத்தில் சுகர், பிரஷர், கர்ப்பம் பற்றித்தான் கேள்வி. லூபஸ் என்று நானாகச் சொன்னதற்கு, "வெறும் குளிர்ச்சிதானேம்மா, ஒன்றும் ஆகாது" என்றார் அங்கிருந்த பெண்.

என் டாக்டர் பதறிவிட்டார். கிரையோகுளோபுலினீமியா என்ற ரத்தக் கோளாறு இருப்பவர்களுக்கு இதைச் செய்யவே கூடாது. குளிர் பட்டால் அவர்கள் ரத்தத்திலுள்ள சில புரதங்கள் திரண்டு, சிறு ரத்தக் குழாய்களை அடைக்கும். லூபஸோ, கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோக்ரன் நோயோ உள்ள சிலருக்கு இது வெளியே தெரியாமலே இருக்கலாம். பரிசோதனை உண்டு; ஆனால் எடுத்த ரத்தத்தை 37 டிகிரி சூட்டிலேயே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் இருப்பதும் இல்லையென்று வந்துவிடும். ரேனாட் இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

சரி, நான் தப்பித்தேன். சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள்: படிவம் தமிழில் இருக்கட்டும். "குளிரில் விரல் நிறம் மாறுமா? தோல் தடிக்குமா? லூபஸ் போன்ற நோய் உண்டா?" என்று முன்பணம் வாங்குவதற்கு முன்பே ஒரு டாக்டர் உட்கார்ந்து கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.