பட்டறை விதிகள் வெறும் கெடுபிடி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வாகனத் தொழில் படிக்கும் பிள்ளைகளிடம் "மோதிரத்தைக் கழற்று, காப்பைக் கழற்று" என்பது பெற்றோர் சிலருக்குக் கெடுபிடியாகத் தெரிகிறது. 12 வோல்ட் பேட்டரி ஷாக் அடிக்காதுதான். ஆனால் பாசிட்டிவ் முனைக்கும் கார் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும், விரலையும் சேர்த்துச் சுட்டுவிடும். கார் பாடியோடு இணைந்திருக்கும் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டச் சொல்வதும் இதற்காகத்தான். அதன்பின் ஸ்பேனர் நழுவிப் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. உள்ளே எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் கசிந்தால் வண்டி சொல்லாமல் இறங்கும். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும்.

சக்கர நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்த வேண்டும். மாட்டும்போது கையால் திருகி, எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) கையேட்டிலுள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். அவசரக்காரர்கள் நட்டை வேகமாக முறுக்கும் இம்பாக்ட் கன்னிலேயே முடித்துவிடுவார்கள். நட்டு மாட்டும் தண்டான ஸ்டட் முறிவது அப்படித்தான்.

2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் மின்கார் போன்ற தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். மின்காரில் ஆரஞ்சு கேபிள் என்றால் பல நூறு வோல்ட். அனுமதியின்றி அதில் கை வைக்கும் மாணவரை வெளியே அனுப்பினால், பெற்றோர் ஆசிரியர் பக்கம் நிற்கட்டும்.

வாசகர், உட்லண்ட்ஸ்