மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள்

சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்தை எழுதும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தாருக்கு,

வணக்கம். டோல்கேட் தாண்டி விம்கோ நகர் போகிற மெட்ரோவில் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தால் எங்கள் பக்கத்து மொட்டை மாடிகள் வரிசையாகத் தெரியும். துணி காயும், கறுப்புத் தண்ணீர் டேங்க் இருக்கும், ஏதாவது ஒரு மாடியில் நாய் படுத்திருக்கும். அதோடு இன்னொன்றும் பார்க்கலாம்: மூலைக்கு மூலை முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். சிலர் முனையில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து மாட்டியிருப்பார்கள், குழந்தைகள் கண்ணில் குத்தக் கூடாது என்று. பிள்ளைகள் தலையெடுத்ததும் மேலே ஒரு தளம் போடலாம் என்று அப்பாக்கள் விட்டுவைத்த கம்பி அது. கடல் காற்று பட்டுப் பட்டு இப்போது தொட்டால் துரு கையோடு வருகிறது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஆறு கம்பிக் கொத்துகள் இருக்கின்றன. பழைய வண்ணாரப்பேட்டைக்கும் கொருக்குப்பேட்டைக்கும் நடுவில், பதினான்கு அடிச் சந்தில் வீடு. மனை பன்னிரண்டு அடி அகலம், நாற்பத்தைந்து அடி நீளம். கால் கிரவுண்டுகூட இல்லை, 540 சதுர அடி. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா கீழே ஒரு தளம் கட்டினார். தம்பியும் நானும் சேர்ந்து மேலே ஒன்று கட்டினோம். அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு அறை. அந்த அறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அங்கே ஒரு சின்னக் குடும்பம் குடியிருக்கிறது. அவருக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் பெட்டியில் கொட்டும் வேலை. விடியற்காலை இரண்டரைக்கு சைக்கிளை எடுத்தால்தான் மூன்று மணிக்குப் போய்ச் சேர முடியும். அந்தப் பெண் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். குழந்தைக்கு இரண்டு வயது. வாடகை 4,500. இதே தெருவில் தனி பாத்ரூமோடு ஒரு பெட்ரூம் போர்ஷன் கேட்டால் பத்தாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். மெட்ரோ வந்த பிறகு புரோக்கர்களுக்கு வாய் இன்னும் நீண்டுவிட்டது.

மே மாதம் பகல் மூன்று மணிக்கு அந்த அறைக்குள் நின்று பார்த்திருக்கிறேன். ஷீட்டிலிருந்து இறங்கும் சூடு உச்சந்தலையில் உட்காரும். சாக்கை நனைத்து ஷீட் மேல் விரித்துப் போடுகிறாள். அரை மணி நேரத்தில் அது அப்பளமாகிவிடும். திரும்பவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். காலை ஐந்தரைக்குள் சமையலை முடிக்காவிட்டால் அப்புறம் அடுப்புப் பக்கம் போக முடியாது. பாத்ரூம் கீழே, எங்களோடு பொது. சாவி மாடிப்படி ஆணியில் தொங்கும். ராத்திரி குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் பத்தொன்பது இரும்புப் படி இறங்கி ஏற வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஷீட்டில் ஒன்று போல்ட் ஓட்டையிலிருந்து விரிந்துவிட்டது. நான்கு நாள் எங்கள் ஹாலில்தான் எல்லோரும் படுத்தோம். மின்சாரம் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர்.

இப்படி ஓர் அறையை வாடகைக்கு விடுவது எனக்குப் பெருமையான விஷயமில்லை. ஏன் ஷீட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் போடவில்லை என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு பரப்பு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ.யை, ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தினீர்கள். நல்ல காரியம். ஆனால் எங்கள் மனைக்கு இரண்டு மடங்கு என்றால் 1,080 சதுர அடி. இப்போது இருக்கும் இரண்டு தளமும் சேர்ந்து 960. மீதி 120 சதுர அடி. மாடிப்படிக்கும் சுவருக்கும் போனால் ஒரு பாய் விரிக்கத்தான் மிஞ்சும். கூடுதலாக வேண்டுமென்றால் பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். அதற்குச் சாலை குறைந்தது ஒன்பது மீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஒன்பது மீட்டர் என்றால் முப்பது அடி. எங்கள் சந்தில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். பதினெட்டு மீட்டர் சாலையில் இருப்பவருக்கு 50 சதவீதம், ஒன்பது மீட்டரில் இருப்பவருக்கு 30 சதவீதம், பதினான்கு அடிச் சந்தில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. சாலைக்கு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் எழுதியிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் கார் வைத்திருக்கும் எட்டு குடும்பம் கூடுதலாக வருவதும், சைக்கிள் வைத்திருக்கும் ஒரு குடும்பம் கூடுதலாக வருவதும் சாலைக்கு ஒரே பாரமா?

2024 ஜூலையில் சுயசான்றிதழ் திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரைக்குமான மனை, 3,500 சதுர அடி வரைக்குமான கட்டடம், ஆன்லைனில் உடனடி அனுமதி. செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் டீக்கடையில் இதுதான் பேச்சு. அப்புறம் பார்த்தால் தரைத்தளமும் முதல் தளமும் மட்டும்தான். புறநகரில் காலி மனை வாங்கிப் புதிதாகக் கட்டுகிறவருக்கு அது வரம். எங்களிடம் அந்த இரண்டு தளமும் ஏற்கெனவே இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது மூன்றாவது.

வரைபடம் போட்டுக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எது என்று சொல்லப் போவதில்லை. மேசையில் இருந்தவர் படத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரோடு அகலம் எவ்வளவு?" என்றார். சொன்னேன். "சைடுல எவ்வளவு விட்டிருக்கீங்க?" பன்னிரண்டு அடி மனையில் இரண்டு பக்கமும் பொதுச் சுவர், எதை விடுவது? சிரித்தார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் கட்டற மாதிரி நீங்களும் கட்டிக்கோங்க சார், எதுக்கு இங்க வர்றீங்க?" என்றார். அது கிண்டலில்லை, அக்கறையாகவே சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எல்லோரும் எப்படிக் கட்டுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். தொடர்ந்து நான்கு நாள் லீவு வருகிற வாரமாகப் பார்ப்பார்கள். பொங்கல், இல்லையென்றால் தீபாவளி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்ட்ரிங் அடித்து, சனிக்கிழமை ராத்திரி தளம் போட்டு முடித்துவிடுவார்கள். இன்ஜினியர் கிடையாது; மேஸ்திரி சொல்வதுதான். துருப்பிடித்த பழைய கம்பியைத் தேய்க்காமலே அதில் புதுக் கம்பியைக் கட்டுவார்கள். அஸ்திவாரம் இரண்டு மாடிக்குப் போட்டதா மூன்றுக்கா என்று கேட்க ஆள் இல்லை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திப் பத்து நாளாவது ஊற விட வேண்டிய தளத்தில், தண்ணீர் தெருவில் ஒழுகினால் யாராவது புகார் கொடுத்துவிடுவார்கள் என்று இரண்டு நாளில் நிறுத்திவிடுவார்கள். விதி கடுமையாக இருப்பதால் யாரும் கட்டுவதை நிறுத்திவிடவில்லை. ஒளிந்து கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

எழும்பிவிட்ட பிறகு அந்தத் தளம் சிலர் கண்ணுக்குத் தெரியும், சிலர் கண்ணுக்குத் தெரியாது. சொத்து வரி போட வருகிறவருக்குத் தெரியும். தனி மீட்டர் கேட்டால் தெரியாது. இந்த மீட்டர் விஷயம் சின்னதாகத் தோன்றலாம். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மேல் அறைக்கு இணைப்பு இல்லாததால் அந்த நூறு யூனிட் அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது. எங்கள் மீட்டரிலேயே ஓடும், யூனிட்டும் மேல் ஸ்லாபுக்கு ஏறிவிடும். நான் உள்ளபடி கணக்குப் பார்த்து வாங்குகிறேன். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறவர்களும் இதே தெருவில் இருக்கிறார்கள். வாடகைச் சட்டமும் அப்படித்தான். 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். அனுமதி இல்லாத அறைக்கு எவன் ஒப்பந்தம் பதிவு செய்வான்? அங்கே பத்து மாத அட்வான்ஸ்தான், வாய்வார்த்தைதான்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் இருக்கிறான். அங்கேயும் இதே சண்டைதானாம். வீட்டோடு ஒட்டி மாமியாருக்கோ வாடகைக்கோ ஒரு சின்ன வீடு கட்ட வேண்டுமென்றால் ஊர்க் குழுவிடம் மனுப் போட்டு, அக்கம்பக்கத்தார் ஆட்சேபத்தையெல்லாம் கேட்டு, வருஷக்கணக்கில் இழுக்கும். 2024 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. தனி வீடு இருக்கும் மனைகளில் 900 சதுர அடி வரை ஒரு துணை வீடு கட்டிக்கொள்ளலாம், சிறப்பு அனுமதி தேவையில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து நடைமுறை. கலிபோர்னியாவில் மனு கொடுத்து 60 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். 900 சதுர அடி துணை வீடு என்று அவன் போனில் சொன்னபோது என் மனைவி சிரித்துவிட்டாள். எங்கள் மொத்த வீடே அவ்வளவுதான். அந்தச் சட்டத்தில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்று ஊர்கள் நிபந்தனை போடக் கூடாதாம். இங்கே அந்த நிபந்தனை கட்டாயம் வேண்டும். கீழே நான் படுத்திருந்தால்தான் மேலே தளம் ஒழுங்காகப் போடுவேன்.

நான் கேட்பது இதுதான். ஏறக்குறைய 800 சதுர அடிக்குள் இருக்கும் மனையில், வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டில், எஃப்.எஸ்.ஐ.யும் சாலை அகலமும் பார்க்காமல் இன்னும் ஒரு தளம், சமையலறையும் கழிப்பறையும் உள்ள ஒரே ஒரு போர்ஷன், அனுமதியுங்கள். ஜார்ஜ் டவுனில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டுவதை உங்கள் விதியே தொடர் கட்டடப் பகுதி என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. எங்கள் சந்துகளையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். பதிலுக்கு, அஸ்திவாரமும் தூணும் தாங்குமா என்று பதிவு பெற்ற இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். தாங்காது என்றால் முடியாது என்று சொல்லட்டும். வார்டு அலுவலகத்தில் வாரம் ஒருநாள் அப்படி ஒருவர் நியாயமான கட்டணத்துக்குக் கிடைத்தால் பாதிப் பேர் மேஸ்திரியை விட்டுவிட்டு அவரிடம் போவார்கள். அனுமதியோடு தனி மீட்டரும், பதிவு செய்த ஒப்பந்தமும் சேர்ந்தே வரட்டும்.

அளவு பார்த்து விதி எழுத முடியாது என்று சொல்லாதீர்கள். 2022-இல் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்குள் இருந்தால் 50 சதவீதம், 1,200 வரைக்கும் 75 சதவீதம் என்று அளவு பார்த்துத்தானே அரசு ஏற்றியது?

எதிர்த்துச் சொல்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எதிர் வீட்டு அம்மா, "இப்பவே சாக்கடை பொங்குது, இன்னும் ஒரு மாடி ஏத்தினா எங்க போய் நிக்கறது?" என்கிறார். அவர் சொல்வது சரி. எங்கள் குழாய்கள் அந்தக் காலத்து அளவு. ஆனால் அந்த ஜனம் ஏற்கெனவே மேலே இருக்கிறது. ஷீட்டுக்கு அடியில் இருந்தாலும் கான்கிரீட்டுக்கு அடியில் இருந்தாலும் அதே தண்ணீர்தான் இறங்கும். வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் கொஞ்சம் சந்துக்குள்ளேயும் வரட்டும். பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் ஒவ்வொரு மழைக்கும் முழுகுகிற இடத்திலும் அனுமதிக்காதீர்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அரை கிரவுண்டில் ஆறு போர்ஷன் போட்டு வாடகை அள்ளும் ஆட்களுக்காகவும் நான் பேசவில்லை.

சட்டத்தை வளைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு, அப்புறம் 113-சி, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியிருந்தால் அபராதம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்று பலமாடிக் கடைகளுக்கு வழி திறந்து வைத்திருந்தீர்கள். எங்களுக்குக் கட்டிய பிறகு மன்னிப்பு வேண்டாம். கட்டுவதற்கு முன்னால் ஒரு வழி போதும்.

என் மகனுக்கு வரும் தையில் கல்யாணம். இருக்கிற வீட்டில் இடமில்லை. மாடி அறைக்காரர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மகன் மீஞ்சூர் பக்கம் வீடு பார்க்க வேண்டும். அவர்கள் காலி செய்தால் எங்கே போவார்கள்? பெரும்பாக்கம் மாதிரி ஊருக்கு வெளியே ஓரிடத்தில் நல்ல கான்கிரீட் வீடே கிடைத்தாலும், விடியற்காலை மூன்று மணிக்கு அங்கிருந்து காசிமேட்டுக்கு எந்த பஸ் வருகிறது? இன்னும் நான் அவர்களிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் சந்தேகப்படுகிறாள் என்று தெரிகிறது. போன வாரம் வாடகையை இரண்டு நாள் முன்னதாகவே கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டாவது முழுமைத் திட்டம் 2026-ஐ மனதில் வைத்து எழுதியது. மூன்றாவதைப் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டங்களில் ஒன்றை தண்டையார்பேட்டையில் வையுங்கள். உங்கள் அலுவலகம் இருக்கும் எழும்பூர் மாளிகைக்கு தாளமுத்து, நடராசன் என்று பெயர். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்விட்ட அந்த இரண்டு பேரையும் புதைத்தது எங்கள் மூலக்கொத்தளத்தில். அங்கே ஒரு மாலை போட வருகிற அன்று எங்கள் வீட்டுக்கும் வாருங்கள், ஷேர் ஆட்டோ தூரம்தான். மே மாதமாக இருக்கட்டும், பகல் மூன்று மணியாக இருக்கட்டும். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். மேலே போனதும் கம்பியைப் பார்த்து நடங்கள், இரண்டில் பாட்டில் கழன்றுவிட்டது.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டைக்காரன் ஒருவன்