வசந்தகாலத் தவணை நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தத் தவணையும் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. பேச்சுப் போட்டியிலும் எழுத்துத் தேர்விலும் நம் மாணவர்கள் உற்சாகமாகப் பங்கேற்றார்கள். பாலர் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் வரவேற்கிறோம். நூலக அலுமாரிக்குப் புத்தகங்கள் தந்தவர்களுக்கு எங்கள் நன்றி. எல்லா மாணவர்களுக்கும் பாராட்டுகள்.

தவணையின் கடைசிச் சனிக்கிழமை நடந்த பழைய இங்கிலாந்துக் கண்காட்சியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

தமிழ்ப் பள்ளியில் ஆங்கிலோ-சாக்சன்கள் என்ற பழைய இங்கிலாந்து மக்களின் வரலாறு எதற்கு என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். இங்கே இலண்டனில் நம் பிள்ளைகள் வார நாள்களில் படிக்கும் ஆரம்பப் பள்ளிகளில் ஆங்கிலோ-சாக்சன்களும் அவர்களைத் தாக்கக் கடல் கடந்து வந்த வைக்கிங்குகளும் வரலாற்றுப் பாடத்தில் வருகிறார்கள். கிரெண்டல் என்ற அரக்கனின் கதை பல பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதை வீட்டில் அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லச் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஏற்கெனவே தெரிந்த, பிடித்த ஒரு கதையைத் தமிழில் சொல்ல முயன்றால் சொற்களைத் தேடும் ஆவல் தானாக வரும் என்று ஆசிரியர்கள் எதிர்பார்த்தார்கள். அது நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு விடுகதைகளைக் கொடுத்தோம். இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரப் பேராலயத்தில் பழைய ஆங்கிலக் கவிதைகள் அடங்கிய கையெழுத்துச் சுவடி ஒன்று இருக்கிறது. 1072இல் மறைந்த ஆயர் லியோஃபிரிக் அந்தப் பேராலயத்துக்கு அளித்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட விடுகதைகள் அதில் உள்ளன. விடைகள் கொடுக்கப்படவில்லை. கேடயம் என்றும் நங்கூரம் என்றும் அறிஞர்கள் ஊகித்திருக்கும் பொருள்கள் அவற்றில் தாமே வாய் திறந்து தங்கள் கதையைச் சொல்கின்றன. இதைக் கேட்ட பிறகு, நம் வீட்டில் உள்ள ஒரு பொருளைப் பேச வையுங்கள் என்று ஆசிரியர் சொன்னார். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதியதை அப்படியே தருகிறேன்:

"நான் சுவரோடு நிற்கிறேன். எனக்கு வாய் இல்லை. ஆனால் மூச்சு சூடு. குளிர் வந்தால் எல்லாரும் என் பக்கத்தில் வருவார்கள். வெயில் வந்தால் என்னை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். நான் யார்?"

விடை, வீட்டு ரேடியேட்டர். இலண்டனில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை மட்டுமே எழுதக்கூடிய விடுகதை இது.

ஆறாம் ஆண்டு மாணவர்கள், கிரெண்டலை வெல்லும் வீரன் பியோவுல்ஃபின் பெயரால் வழங்கும் பழைய ஆங்கிலக் காவியத்தை எடுத்துக்கொண்டார்கள். 3,182 அடிகள் கொண்ட அந்தக் காவியத்தை இயற்றியவர் யார் என்று தெரியாது. அதன் ஒரே பழம்பிரதி 1731இல் ஒரு தீ விபத்தில் ஓரம் கருகி, தப்பிப் பிழைத்து, இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. கிரெண்டலின் கையைப் பியோவுல்ஃப் பிய்த்தெடுக்க, அதை மன்னரின் மண்டபத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைக்கிறார்கள். மறுநாள் இரவு அரக்கனின் தாய் வந்து பழிதீர்த்து, அந்தக் கையையும் எடுத்துச் செல்கிறாள். பெரும்பாலான பிள்ளைகள் வீரனைப் பற்றி எழுத, ஒரு மாணவன் அந்தத் தாயைப் பேசவைத்தான். "என் மகன் கெட்டவன்தான். அது எனக்கும் தெரியும். ஆனால் அவன் கையை ஏன் காட்சிக்கு வைத்தீர்கள்? அதைக் கொடுங்கள், நான் போகிறேன்." எழுத்துப் பிழைகள் நான்கைந்து இருந்தன. அவற்றைத் திருத்த எனக்குக் கை வரவில்லை.

பழைய ஆங்கிலச் செய்யுளில் இன்றைய பாடல்களைப் போல அடியின் இறுதியில் ஒலி ஒத்து வர வேண்டிய கட்டாயம் கிடையாது. ஒவ்வோர் அடியும் இரண்டு பாதியாகப் பிரிந்து நிற்கும். பாதிக்கு இரண்டாக, அடிக்கு நான்கு அழுத்தங்கள். அழுத்தம் விழும் சொற்களின் முதல் ஒலி ஒன்றிவந்து அந்தப் பாதிகளைக் கட்டும். நான்காவது அழுத்தம் பெரும்பாலும் அதில் சேராது. ஆசிரியர் இதைக் கரும்பலகையில் விளக்கி முடிப்பதற்குள், "இது மோனை" என்று மூத்த வகுப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. "கடலைக் கடந்து காவலன் வந்தான்" என்று அவர்களே ஓர் அடியும் கட்டினார்கள். முதல் மூன்று சீரும் மோனையில் ஒன்ற, நான்காவது விலகி நிற்கிறது. நம் யாப்பில் இதற்குக் கூழை மோனை என்று பெயர். இரண்டு மொழிகளையும் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கே வாய்க்கும் கண்டுபிடிப்பு இது. அன்று அந்த வகுப்பறையில் நானும் நின்றிருந்தேன். பல நாள் கழித்தும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை.

சட்டன் ஹூ என்ற இடத்தில் புதைந்திருந்த ஆங்கிலோ-சாக்சன் காலக் கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சஃபோக்கில் ஈடித் பிரிட்டி என்ற அம்மையாரின் நிலத்தில், 1939இல் பாசில் பிரவுண் என்ற தொல்லியலாளர் ஒரு புதைமேட்டைத் தோண்டியபோது, சுமார் 27 மீட்டர் நீளக் கப்பலின் மரம் முழுவதும் மட்கிப்போயிருந்தது. மணலில் அதன் பதிவும் இரும்பு ஆணிகளின் வரிசையும்தான் எஞ்சியிருந்தன. ஒரு சிறுமி வெள்ளைத் தாளில் ஆணிகளை மட்டும் புள்ளிகளாக வைத்துக் கப்பலை வரைந்திருந்தாள். அங்கே கிடைத்த பொன் அணிகளில் பதிக்கப்பட்ட கார்னெட் என்னும் சிவப்புக் கற்கள் போன்றவை இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அக்கால ஐரோப்பாவுக்கு வந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள் என்று சொன்னபோது, வகுப்பு சிறிது நேரம் பாடத்தையே மறந்து அதைப் பற்றிப் பேசியது.

ஆனால் கண்காட்சிக்கு வந்தவர்களில் பலர் இவற்றைப் பார்க்கவில்லை. இவை மேசைகளின் ஓரத்தில் இருந்தன. நடுவிடத்தைப் பிடித்திருந்தவை வேறு. இணையத்தில் வாங்கிய தலைக்கவசங்கள். எட்டு வயதுக் கை பிடிக்கவே முடியாத மரம் அறுக்கும் வாளால் அறுத்து, வார்னிஷ் பூசிய மரக் கேடயங்கள். அச்சகத்தில் போட்டுச் சட்டமிட்ட கவிதைகள்.

ஒரு சிறு பிள்ளையின் பெயரில் பியோவுல்ஃபைப் புகழ்ந்து பிழையற்ற வெண்பா ஒன்று வந்திருந்தது. பார்க்க வந்த முதியவர் ஒருவர் அதை வாசித்துக் காட்டும்படி அன்போடு கேட்டார். முதற் சீரையே அந்தப் பிள்ளையால் வாசிக்க முடியவில்லை. நகத்தைப் பார்த்தபடி தலைகுனிந்து நின்றது. அன்று இன்னும் சில பிள்ளைகளுக்கும் இதே நிலை ஏற்பட்டது. யாருடைய பிள்ளை என்று இங்கே எழுத மாட்டேன். நீங்களும் தயவுசெய்து ஊகித்துப் பேச வேண்டாம். மற்றொன்று அதைவிட என்னை வருத்தியது. ரேடியேட்டர் விடுகதையை எழுதிய மாணவி, தன் தாளை மேசையிலிருந்து எடுத்துவிடலாமா என்று ஆசிரியரிடம் வந்து கேட்டாள். மற்றவர்களுடையது அழகாக இருக்கிறது, தன்னுடையது கோணலாக இருக்கிறது என்றாள்.

இதைச் செய்தவர்கள் அன்பினால்தான் செய்தீர்கள் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. வாரம் முழுவதும் வேலை, வெள்ளிக்கிழமை இரவு களைத்து வீடு திரும்பும்போதுதான் நாளைக்குக் கேடயம் வேண்டும் என்ற செய்தி வருகிறது. பிள்ளையின் கோணல் எழுத்தை நாலு பேர் பார்த்து, வீட்டில் தமிழ் பேசுவதில்லை போலும் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சமும் இருக்கிறது. இந்த நாட்டில் தமிழைப் பிள்ளைகளிடம் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று உங்களைப் போலவே நாங்களும் அறிவோம். ஆகவே இதை எழுதுவதில் எனக்குத் தயக்கம் இருந்தது. அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைகள் படித்த அதே வரலாற்றிலிருந்து ஒன்றை உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தை ஆண்ட அல்ஃபிரட் மன்னர் சிறுவனாக இருந்தபோது, அவருடைய தாய் ஆங்கிலக் கவிதைகள் அடங்கிய அழகிய புத்தகம் ஒன்றைப் பிள்ளைகளிடம் காட்டி, யார் இதை விரைவில் கற்றுக்கொள்கிறாரோ அவருக்கே இதைத் தருவேன் என்றாராம். அண்ணன்மார் இருக்க, இளையவரான அல்ஃபிரட் புத்தகத்தை ஆசிரியரிடம் எடுத்துச் சென்று, கற்று, திரும்பி வந்து தாயின் முன் ஒப்பித்தார். மன்னரோடு பழகிய ஆசர் என்ற துறவி 893இல் எழுதிய வரலாற்றில் இது இருக்கிறது. அந்தத் தாய் செய்தவை இரண்டே. புத்தகத்தைக் காட்டி ஆசையை மூட்டினார். பிள்ளை வந்து சொன்னபோது உட்கார்ந்து கேட்டார். இடையில் இருந்த உழைப்பு முழுவதும் பிள்ளையுடையது.

கேட்மனின் கதையும் அப்படித்தான். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் நாடகமாக நடித்துக் காட்டினார்களே, அந்த மாட்டுக்காரர். விருந்தில் யாழ் தன் பக்கம் வருகிறது என்றால் பாடத் தெரியாத வெட்கத்தில் எழுந்து போய்விடுவார். ஒரு நாள் தொழுவத்தில் உறங்கும்போது கனவில் ஒருவர் வந்து பாடச் சொல்கிறார். தெரியாது என்கிறார். இருந்தாலும் பாடு என்கிறது அந்தக் குரல். அவரும் பாடிவிடுகிறார். ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த கவிஞர்களில் முதலாமவர் என்று அவரைச் சொல்கிறார்கள். 731இல் பீட் என்ற துறவி எழுதி முடித்த திருச்சபை வரலாற்றால் நமக்குக் கிடைத்த செய்தி இது. அவர் வாழ்ந்த பகுதியிலிருந்த விட்பி மடத்தின் தலைவி ஹில்டாவும் அங்கிருந்த கற்றவர்களும் அவரைப் பாடவைத்துக் கேட்டார்கள், சோதித்தார்கள், மேலும் பாடுவதற்குப் பொருளும் தந்தார்கள். யாரும் அவருக்காகப் பாட்டு எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவர் தொழுவத்திலேயே இருந்திருப்பார்.

ஆகவே சில முடிவுகளை எடுத்திருக்கிறோம். இவற்றில் விட்டுக்கொடுப்பு இருக்காது.

அடுத்த தவணையிலிருந்து காட்சிக்கு வைக்கும் எந்தப் படைப்பும் வகுப்பறையில், ஆசிரியரின் கண் முன்னால் செய்யப்படும். தாள், வண்ணம், காட்போட் மட்டை எல்லாவற்றையும் பள்ளியே தரும். ஒவ்வொரு பிள்ளையும் தன் படைப்பின் பக்கத்தில் நின்று தமிழில் ஓரிரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். தட்டுத் தடுமாறிச் சொன்னாலும் போதும். கடையில் வாங்கியது, பெரியவர்கள் எழுதியது, கணினிச் செயலியிடம் கேட்டு எழுதி வாங்கியது ஆகிய எவையும் மேசைக்கு வராது. பரிசு முடிவுகளைப் பற்றி ஆசிரியர்களின் வாட்ஸ்அப்புக்கு இரவில் செய்தி அனுப்புவதை உடனே நிறுத்த வேண்டும். ஊதியம் பெறாமல் தங்கள் சனிக்கிழமைகளை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தொண்டர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரை ஒரு செய்தி அழவைத்தது என்று கேள்விப்பட்டேன். இனி ஒரு முறை அப்படி நடந்தால் அந்தப் பெற்றோரை நேரில் அழைத்துப் பேசுவேன்.

அப்படியென்றால் வீட்டில் நாங்கள் எதுவும் செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். செய்ய நிறைய இருக்கிறது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் 41ஆம் அறையில் சட்டன் ஹூ தலைக்கவசம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடைத்ததை ஒட்டவைத்தது அது. முதலில் ஒட்டியது சரியில்லை என்று 1970களின் தொடக்கத்தில் பிரித்து மீண்டும் ஒட்டினார்கள். பிள்ளையை அதன் முன் நிறுத்தி, என்ன தெரிகிறது என்று தமிழில் கேளுங்கள். ஒரு சொல் தெரியாமல் தவித்தால் அந்தச் சொல்லை மட்டும் சொல்லிக் கொடுங்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு தொலைபேசியில் பேசும்போது கிரெண்டல் கதையைச் சொல்ல விடுங்கள். பாட்டி ஒரு விடுகதை போட்டால் இன்னும் நல்லது. எழுதியதைக் கொண்டுவந்து காட்டினால், பிழையைப் பார்க்கும் முன் பொருளைப் பாருங்கள். நடை பழகும் குழந்தையைத் தூக்கிக்கொண்டே நடந்தால் அதன் கால் எப்போது தரையில் ஊன்றும்?

கடுமையாக எழுதிவிட்டதாகச் சிலருக்குத் தோன்றலாம். மழையிலும் குளிரிலும் இரண்டு பஸ் மாறிப் பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் நீங்கள். கண்காட்சி நாளன்று விடியற்காலையில் வந்து மேசைகளை அடுக்கிய தந்தையர், தேநீரும் வடையும் கொடுத்த தாய்மார், கேட்மன் நாடகத்துக்குப் பழைய போர்வைகளால் மாடுகள் செய்ய உதவிய மூத்த மாணவர்கள் எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் இந்தப் பள்ளி ஒரு வாரம்கூட நடக்காது. இந்த விஷயத்திலும் நீங்கள் எங்களோடு நிற்பீர்கள் என்று முழுமையாக நம்புகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

பிள்ளைகளின் படைப்புகளை அலுவலகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஈஸ்டர் விடுமுறைக்குப் பின் வரும் முதல் சனிக்கிழமை வகுப்புகள் வழமையான நேரத்தில் தொடங்கும். அன்று அவற்றைப் பெற்றுக்கொள்ளலாம். நான்காம் ஆண்டு விடுகதைகளை மட்டும் திருப்பித் தரவில்லை. பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு நுழைவாயில் பலகையில் ஒட்டப்போகிறோம். விடைகளை எழுதவில்லை. தெரிய வேண்டுமானால் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்