அகழாய்வுக் குழியில் நடக்கும் பாடமும் பதிவாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தின் அகழாய்வுச் செய்திகளைத் தங்கள் நாளிதழ் விடாமல் வெளியிட்டு வருகிறது. அவற்றையும், இணையத்தில் ஏற்றப்படும் அகழாய்வுக் காணொலிகளையும் முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் ஆர்வத்தோடு பார்த்து வருகிறேன். அந்தக் காணொலிகளில் எனக்கு ஒரு குறை உண்டு. டிரோன் மேலேயிருந்து குழிகளைச் சதுரங்கக் கட்டங்களாகக் காட்டுகிறது. பின்னணி இசை முழங்குகிறது. அடுத்த காட்சியில், கழுவித் துடைத்த பானை ஒன்று கறுப்புத் துணியின்மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது மண்ணிலிருந்து எப்படி வெளிவந்தது, இன்ன அடுக்கைச் சேர்ந்தது என்று சொன்னவர் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார், பக்கத்தில் நின்ற மாணவருக்கு அதை எவ்வாறு புரியவைத்தார் என்பதெல்லாம் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிடுகிறது.

ஓர் இடத்தை ஒரு முறைதான் அகழ முடியும். வெட்டி எடுத்த மண்ணடுக்கைத் திரும்ப அடுக்கிவைக்க யாராலும் இயலாது என்பதால்தான் அளவுகள், வரைபடங்கள், புகைப்படங்கள், நாட்குறிப்புகள் என்று இத்தனை பதிவுகளை அத்துறையினர் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கைப்பழக்கத்தையும் காதுப்பழக்கத்தையும் இவை எதனாலும் பிடித்துவைக்க முடியாது. தளர்ந்த மண்ணிலிருந்து இறுகிய தரைக்கு மண்வெட்டி இறங்கும்போது ஓசை மாறுகிறது. அனுபவமுள்ள தொழிலாளி அந்த நொடியே கையை நிறுத்திவிடுவார். குழியின் பக்கச் சுவரைக் கரண்டியால் மெல்லச் சுரண்டி, லேசாகத் தண்ணீர் தெளித்தவுடன், அதுவரை ஒரே நிறமாகத் தெரிந்த மண்ணில் சாம்பல் அடுக்கு தனியே எழும்பி வரும். அதைக் கண்முன்னே பார்த்த மாணவருக்கு இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை.

இதை நான் சொந்த அனுபவத்தில் அறிந்தவன். 1990-களின் நடுவில், எங்கள் பள்ளி மாணவர்கள் இருபது பேரை அழைத்துக்கொண்டு செங்கம் பகுதி நடுகற்களைப் பார்க்கச் சென்றோம். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த அந்த வட்டத்துக்குத் தமிழ்க் கல்வெட்டியலில் தனி இடம் உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு நூலே வெளியிட்டது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் சண்டையில் இறந்த அதன் தலைவனையும் நினைவுகூர மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எடுத்த எடத்தனூர் நடுகல்லும் அப்பகுதியைச் சேர்ந்ததுதான். எங்களுடன் வந்த ஓய்வுபெற்ற கல்வெட்டறிஞர் ஒருவர், வயல் வரப்பில் பாதி புதைந்திருந்த ஒரு கல்லின் முன் அமர்ந்து மைப்படி எடுத்துக் காட்டினார். கல்யாண வீடியோ எடுப்பவரிடம் இரவலாக வாங்கிய வி.எச்.எஸ். கேமராவில் அதை நான் முழுவதும் பதிவு செய்தேன்.

அவர் எடுத்தவுடன் எழுத்தைப் படித்துக்காட்டவில்லை. மாணவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டு கல்லின்மேல் விரலை ஓட்டச் சொன்னார். கல்லில் இயற்கையாக விழுந்த வெடிப்பு எது, உளி போன வழி எது என்று விரலுக்குத் தெரிந்த பிறகுதான் கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கும்படி தூரிகையால் தட்டினார். பின்னர் மைப்பொதியால் ஒற்றியபோது, கறுத்த தாளில் பழந்தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்துகள் வெள்ளையாக எழுந்தன. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுத்தெழுத்தாகக் கூட்டி, மன்னர் பெயருக்கு முன் வரும் ‘கோவிசைய’ என்ற அடைமொழியை வாசித்து முடித்தபோது பெரியவர் சிரித்த சிரிப்பும் அந்த நாடாவில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டே, புது நாடா வாங்கப் பணமில்லை என்று சொல்லி, அதன்மேல் பள்ளி ஆண்டு விழா நடனத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். பூட்டிவைக்காதது என் தவறுதான்.

எங்கள் வட ஆர்க்காட்டுப் பகுதியின் தொல்லியல் சிறிதன்று. இன்று திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள பையம்பள்ளியில், இந்தியத் தொல்லியல் துறை 1964-65, 1967-68 ஆகிய ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில், புதிய கற்கால மக்களின் குழிவீடுகளும், அவர்கள் உண்ட கொள்ளு, பச்சைப்பயறு ஆகியவற்றின் கரிந்த மணிகளும் கிடைத்தன. வேலூருக்கு அருகே அப்புக்கல்லில் சென்னைப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. வந்தவாசி வட்டத்துக் கீழ்நமண்டியில் 2023-இல் அகழ்ந்த ஈமச்சின்னத்துக்கு கி.மு. 1692 என்ற காலக்கணிப்பு வந்திருக்கிறது. 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், அப்போது இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் அகழாய்வுக் களத்தையே மாணவர் பயிற்சிக் களமாகவும் நடத்திய காலந்தொட்டு, இந்தத் தொழில் குழிக்குள் நின்றுதான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அப்படிக் கற்றுக்கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

ஆகவே, இனி அகழாய்வு நடக்கும் ஒவ்வொரு களத்திலும் ஒரு குழியையாவது தேர்ந்து, அகழாய்வுப் பருவம் தொடங்கும் நாள் முதல் குழி மூடும் நாள் வரை, பேச்சொலியோடு படமெடுத்து வைக்க வேண்டும் என்று தொல்லியல் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னணி இசை தேவையில்லை. மண் சலிக்கும் பெண்களும், கூடை சுமப்பவர்களும் அதில் முகத்தோடும் பெயரோடும் இடம்பெற வேண்டும். அறிக்கைகளில் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நன்றியுரையில் ஒரு வரிதான். காணொலி வெளியானால் புதையல் தேடுபவர்கள் படையெடுத்து வருவார்கள் என்று சிலர் அஞ்சுவது நியாயமே. பருவம் முடிந்து குழியை மூடிய பிறகு வெளியிட்டால் போதும், அவசரம் ஒன்றுமில்லை.

பழைய பதிவுகளுக்குத்தான் அவசரம். பல்கலைக்கழகத் துறைகளின் அலமாரிகளிலும், ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் படச்சுருள்களையும் நாடாக்களையும் பெற்று, எண்ம வடிவுக்கு மாற்றி, எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் குழி, பேசுபவர் யார் என்ற விவரங்களோடு காப்பதற்கு, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் ஓர் ஏற்பாடு செய்யலாம். விவரம் எழுதாத படத்தைக் காப்பதும் காவாததும் ஒன்றே. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெப்பமும் ஈரமும் மாறி மாறித் தாக்கும் பரணில், அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன படச்சுருள் உட்புறமிருந்து சிதையத் தொடங்கும், நாடாவில் பூசணம் பிடிக்கும்.

இதைப் படிக்கும் எவரேனும் அப்படி ஒரு சுருளை வைத்திருந்தால், பெட்டியைத் திறந்தவுடன் காடி (வினிகர்) வாடை வருகிறதா என்று பார்க்கட்டும். வந்தால், அதை மற்றச் சுருள்களிடமிருந்து பிரித்துக் குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். அதன் ஆவி அடுத்ததையும் கெடுக்கும். என்ன இருக்கிறதென்று பார்க்கும் ஆவலில் பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிவிட வேண்டாம். சுருங்கிப்போன சுருளின் துளைகள் முதல் சுற்றிலேயே பற்சக்கரத்தில் மாட்டிக் கிழிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.